பழைய ஜிப்சிக்கு லிஃப்ட் கிட்: எத்தனை இன்ச் ஏத்தணும்?

எபிசோடை உட்கார்ந்து கேட்க நேரமில்லாதவங்களுக்காக இந்த எழுத்து வடிவம். பேச்சு வாக்குல ரெண்டு தடவை சொன்னதை வெட்டிட்டேன். கணக்குகளை மட்டும் அப்படியே விட்டிருக்கேன், ஏன்னா போன தடவை நிறைய பேர் "அந்த நம்பரை எழுத்துல போடுங்க"ன்னு கேட்டிருந்தீங்க.

இன்னைக்கு விஷயம் சஸ்பென்ஷன் லிஃப்ட். வண்டியோட உடம்பை ஆக்ஸிலிலிருந்து இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வைக்கிற வேலை. பொதுவா பேசினா எல்லா வண்டிக்கும் பொருந்தற மாதிரி இருக்கும், கடைசில எந்த வண்டிக்கும் உதவாது. அதனால ஒரே வண்டியை எடுத்துக்கறேன்: மாருதி ஜிப்சி. 1985 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்து, 2019-ஓட பொது விற்பனை நின்னுபோன வண்டி. முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலயும் பட்டை ஸ்பிரிங். ஆயிரம் கிலோ வாக்குல எடை. கம்பெனி சொன்ன கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ., வீல்பேஸ் 2375 மி.மீ. இந்த ரெண்டு நம்பரும் பின்னாடி தேவைப்படும்.

கூடலூர் பக்கத்துலேருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வீட்டுல 1998 மாடல் ஜிப்சி. மெயின் ரோட்டுலேருந்து வீட்டுக்கு எஸ்டேட் மண் ரோடு. மழைக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் சக்கரத் தடம் ஆழமாகி, நடுவுல மண் திட்டு நிக்குது. அது அடியில இடிக்குது. ஒர்க்‌ஷாப்ல "ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேல மாத்திடலாம், அஞ்சு இன்ச் ஏறிடும்"னு சொல்லியிருக்காங்க. அதே வண்டியில அப்பாவும் அம்மாவும் வாரம் ரெண்டு தடவை மலைப்பாதையில ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. "ஏத்தலாமா ப்ரோ?"ன்னு கேட்கறார்.

கேள்வி ரெண்டே வார்த்தைதான். ஆனா பதில் தப்பாப் போனா அந்த வண்டியில உட்கார்றவங்களைத்தான் அது பாதிக்கும். அதனால நிதானமா போவோம்.

எங்க இடிக்குது?

"வண்டி அடியில இடிக்குது"ங்கறது, நம்ம வேலையில யூசர் வந்து "ஆப் வேலை செய்யலை"ன்னு சொல்ற மாதிரி. அதை வச்சு ஒண்ணும் சரிபண்ண முடியாது. எந்த இடம் இடிக்குதுன்னு தெரியணும். மொத்தம் நாலு வாய்ப்பு.

ஒண்ணு, மேட்டுல ஏற ஆரம்பிக்கும்போது முன் பம்பர். ரெண்டு, இறங்கும்போது பின்பக்கம், பெரும்பாலும் டோ ஹூக்கோ சைலன்சர் குழாயோ. மூணு, ஒரு மேட்டைத் தாண்டும்போது நடு வயிறு, அதாவது சேஸிஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பகுதி. நாலு, ஆக்ஸில்ல குண்டா தொங்கற டிஃபரன்ஷியல்.

கண்டுபிடிக்க எளிய வழி: கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைச்சு இந்த நாலு இடத்துலயும் பூசுங்க. காய்ஞ்சதும் வழக்கமாப் போற பாதையில, வழக்கமா ஏத்தற ஆளுங்களோட, வழக்கமான வேகத்துல போயிட்டு வாங்க. எங்க சுண்ணாம்பு உரிஞ்சிருக்கோ அங்கதான் பிரச்சினை. காலி வண்டியில பார்த்தா ஏமாந்துடுவீங்க. பின்சீட்டுல நாலு பேர் உட்கார்ந்தா பின்பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

ஏன் இவ்வளவு பிரிச்சுப் பார்க்கணும்? நாலு இடத்துக்கும் மருந்து வேற வேற. பம்பர் இடிச்சா பம்பர் வடிவத்தை மாத்தினாலே போதும். சைலன்சர் குழாயைக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டலாம். வயிறு இடிச்சா லிஃப்ட் உதவும். டிஃபரன்ஷியல் இடிச்சா லிஃப்ட் ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது.

கடைசி வரியைத்தான் நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க.

லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது

ஆக்ஸில் தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்கும்? சக்கரத்தோட மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு. ஸ்பிரிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்க ரெண்டு இன்ச் ஏத்துங்க, பத்து இன்ச் ஏத்துங்க, ஆக்ஸில் அதே இடத்துலதான் இருக்கும். மேல இருக்கிற சேஸிஸும் பாடியும்தான் உயரும். வெளியிலிருந்து பார்த்தா வண்டி மலை மாதிரி நிக்கும். டிஃபரன்ஷியல் மட்டும் பழைய உயரத்துலயே அதே திட்டுல போய் முட்டும்.

டிஃபரன்ஷியலைத் தூக்கணும்னா பெரிய டயர் ஒண்ணுதான் வழி. கணக்கு போடுவோம். ஜிப்சி கிங்ல வந்த டயர் 205/70 ஆர் 15. அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதுல 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ. மேலயும் கீழயும் ரெண்டு சுவர், நடுவுல 15 இன்ச் ரிம், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் 668 மி.மீ.

215/75 ஆர் 15 போட்டா விட்டம் 703.5 மி.மீ. வித்தியாசம் 35.5. மையம் அதுல பாதிதான் உயரும், அதனால டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கிறது சுமார் 18 மி.மீ.

235/75 ஆர் 15 போட்டா விட்டம் 733.5 மி.மீ. டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கிறது சுமார் 33 மி.மீ.

இதுக்கு விலை இருக்கு. 235-ல சுற்றளவு பத்து சதவீதம் கூடுது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 66-ல போவீங்க. 1.3 லிட்டர் இன்ஜின் ஒவ்வொரு கியர்லயும் முன்ன விட சுமார் ஒன்பது சதவீதம் குறைவாத்தான் இழுக்கும். பிரேக்கும் அப்படித்தான்: அதே அழுத்து அழுத்தினா ரோட்டுல கிடைக்கிற நிறுத்தும் விசை அதே விகிதத்துல குறையும். இறக்கத்துல இதை மறக்கக்கூடாது.

அப்போ லிஃப்ட் எதுக்கு? ரெண்டு காரணம்தான் நியாயமானது. பெரிய டயர் உள்ள உரசாம சுத்த இடம் வேணும். இல்லன்னா நடு வயிறு இடிக்குது. வயித்துக்கும் ஒரு கணக்கு சொல்றேன். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல தரையிலேருந்து வயிறு 300 மி.மீ.ன்னு வச்சுக்குவோம் (உங்க வண்டியை நீங்களே அளந்துக்கங்க). 2375 வீல்பேஸுக்கு, தாண்டக்கூடிய மேட்டுக் கோணம் சுமார் 28 டிகிரி. 50 மி.மீ. ஏத்தினா சுமார் 33 டிகிரி. நாலரை டிகிரி லாபம். கல்லு பாதையில அது நல்ல வித்தியாசம்தான். மாலுக்குப் போற வண்டிக்கு ஒண்ணுமில்லை.

முதல்ல, வண்டி இழந்த உயரம்

இருபத்தஞ்சு வருஷ ஜிப்சியில பட்டைகள் களைச்சுப் போயிருக்கும். கம்பெனி விட்டப்போ இருந்த வளைவு இப்ப இருக்காது. அதனால பழைய வண்டிக்கு முதல் லிஃப்ட், தொலைச்ச உயரத்தைத் திரும்ப வாங்கறதுதான்.

அளக்கறது இப்படி. சமமான சிமெண்ட் தரையில நிறுத்துங்க. டயர் காத்து நாலுலயும் சரியா வைங்க. சக்கர மையத்துலேருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு நாலு மூலையும் எழுதுங்க. மையத்துலேருந்து அளக்கறதால டயர் அளவு கணக்கைக் குழப்பாது. என் ஜிப்சியில பின் இடது மூலை, வலதை விட 28 மி.மீ. இறங்கியிருந்துச்சு. வண்டி சாய்ஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியலை, டேப்புக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் குனிஞ்சு பாருங்க. பட்டை தட்டையா இருக்கா, இல்ல வில் மாதிரி வளைவு இருக்கா? ஆக்ஸிலுக்கு மேல இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிக்கடி அடிபட்ட தடம் இருக்கா? ஷேக்கிள் புஷ் தேய்ஞ்சு ஓட்டை பெருசாயிருக்கா? யூ போல்ட் தளர்ந்திருக்கா? இதுல ரெண்டு "ஆமாம்" வந்தாலே, லிஃப்ட் கிட் கேட்டலாக்கை மூடி வச்சுட்டு புது ஸ்பிரிங் செட்டுக்கு விலை கேளுங்க. ஒரிஜினல் அளவுல புது பட்டை, புது புஷ், புது ஷாக் போட்டதும் நிறைய வண்டிகளுக்கு அதுக்கு மேல ஆசை போயிடும்.

பழைய பட்டையையே திரும்ப வளைச்சுத் தர்ற கடைகள் எல்லா ஊர்லயும் இருக்கு. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: வளைச்ச பிறகு சூடு பண்ணி, எண்ணெயில குளிர வச்சு, திரும்பப் பதம் பண்றீங்களா? பட்டை இரும்போட பலமே அந்தப் பதத்துலதான் இருக்கு. வெறுமனே சுத்தியலால தட்டி வளைச்சா சீக்கிரம் பழையபடி இறங்கிடும். கேஸ் வச்சு ஒரே இடத்துல சூடு காட்டி வளைச்சா அந்த இடம் பதம் கெட்டு உடைய வாய்ப்பு இருக்கு.

ஏத்தறதுக்கு நாலு வழி

சரி, புது பட்டை போட்டாச்சு, இன்னும் உயரம் வேணும்னு வச்சுக்குவோம்.

நீள ஷேக்கிள். மலிவு, அரை நாள் வேலை. ஷேக்கிள் நீளம் கூடறதுல பாதிதான் ஆக்ஸில்கிட்ட உயரமா கிடைக்கும், 50 மி.மீ. நீட்டினா 25 மி.மீ. ஜிப்சியில முன் ஸ்பிரிங்கோட ஷேக்கிள் வண்டியோட முன் நுனியில இருக்கு. அதை நீட்டினா ஆக்ஸில் முன்பக்கமாக் கவிழும். சைக்கிள் ஃபோர்க் பின்னாடி சாய்ஞ்சிருக்கறது, கையை விட்டாலும் நேராப் போக உதவுது இல்லையா, வண்டியிலயும் அந்தச் சாய்வு இருக்கு, காஸ்டர்னு பேரு. ஆக்ஸில் கவிழ்ந்தா அது குறையும். ஸ்டீயரிங் தானா நேருக்கு வராது, வண்டி ரோட்டுல அலையும். ஆப்பு மாதிரி ஒரு தகடு வச்சு இதைச் சரிபண்ணலாம். அது இல்லாம ஷேக்கிள் மட்டும் மாத்தித் தந்தா வாங்கிட்டு வராதீங்க.

கூடுதல் பட்டை. இருக்கற கட்டுல இன்னொரு பட்டையைச் சொருகறது. உயரம் வரும், கூடவே விறைப்பும் வரும். ஒரே மாதிரி அஞ்சு பட்டை இருக்கற கட்டுல ஆறாவது சேர்த்தா விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். தடிமன்ல இன்னும் மோசம். பட்டை தடிமன் பத்து சதவீதம் கூடினா அந்தப் பட்டையோட விறைப்பு 33 சதவீதம் கூடும், ஏன்னா தடிமனோட மூணாம் அடுக்குல அது ஏறும். தினமும் லோடு ஏத்தற வண்டிக்கு இது சரி. முதுகு வலி இருக்கறவங்க உட்கார்ற வண்டிக்கு வேண்டாம். மேடு பள்ளத்துல சக்கரம் கீழ இறங்கித் தரையைத் தொடறதும் குறையும், அதாவது எதுக்காக ஏத்தினீங்களோ அதுவே கெடும்.

அதிக வளைவு உள்ள முழு ஸ்பிரிங் செட். 40, 50 மி.மீ. ஏத்தறதுக்குன்னே வடிவமைச்ச பட்டை, அதுக்கு ஏத்த நீளத்துல ஷாக். செலவு அதிகம். ஆனா விறைப்பு, உயரம், ஷாக் எல்லாத்தையும் சேர்த்து யோசிச்சுப் பண்ணது. ரோட்டுலயும் ஓடணும், மண்ணுலயும் போகணும்னா நான் பரிந்துரைக்கறது இதைத்தான். வாங்கும்போது "எவ்வளவு எடைக்கு?"ன்னு கேளுங்க. முன்னாடி வின்ச் மாட்டின வண்டிக்குன்னு செஞ்ச ஸ்பிரிங்கை வெறும் வண்டியில போட்டா மரக்கட்டை மாதிரி இருக்கும்.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேல மாத்தறது. ஜிப்சியில ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழ தொங்குது. அதை மேல வச்சா, ஆக்ஸில் குழாய் விட்டமும் பட்டைக் கட்டோட தடிமனும் சேர்ந்து அஞ்சு இன்ச் வாக்குல ஏறும். ஒரு நிஜமான நன்மை உண்டு: கீழ தொங்கின பட்டையும் யூ போல்ட் தகடும் மேல போயிடுது, பாறையில அது மாட்டாது. போட்டிக்கும் டிரெயிலுக்கும் மட்டும் போற வண்டிகள்ல இதைப் பண்றதுக்குக் காரணம் இருக்கு. ஆனா ஆக்ஸில் குழாயில புது இருக்கைகள் வெல்டிங் பண்ணணும். அதோட கோணம் ரெண்டு டிகிரி தப்பினாலும் வண்டி முழுக்க அதிரும். வேகமா இழுக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஆக்ஸில் சுழலப் பார்த்து, பட்டை எஸ் மாதிரி முறுக்கும்.

பாடியை மட்டும் சேஸிஸிலிருந்து தூக்கற பாடி லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு. டயருக்கு இடம் கிடைக்கும், வயிறு உயராது. அது சஸ்பென்ஷன் வேலை இல்லைங்கறதால இன்னைக்கு விட்டுடறேன்.

ஒண்ணைத் தொட்டா ஒன்பது

சாஃப்ட்வேர்ல ஒரு லைப்ரரி வெர்ஷனை ஏத்தினா அதை நம்பியிருக்கற பத்து உடையும். லிஃப்டும் அப்படித்தான். கிட் விலையை மட்டும் பார்க்காம, அது எதையெல்லாம் இழுத்துட்டு வரும்னு பாருங்க.

25 மி.மீ. வரைக்கும் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. வேலை முடிஞ்சதும் ஸ்டீயரிங் நேரா இருக்கான்னு பார்த்தாப் போதும்.

50 மி.மீ. வந்தா ஷாக் நீளம் மாறணும். பழைய ஷாக்கோட விட்டா, சக்கரம் கீழ தொங்கும்போது ஷாக்கே கயிறு மாதிரி எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கும், சீக்கிரம் பிய்யும். பிரேக் ஹோஸ் நீளம் பார்க்கணும். வண்டியை ஜாக்கில தூக்கி, சக்கரம் முழுசா தொங்கும்போது ஹோஸ் இழுபடுதான்னு கையால தொட்டுப் பாருங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் பாருங்க. இந்த ஒரு சோதனைக்காக ஒர்க்‌ஷாப்ல அரை மணி நேரம் நில்லுங்க, தப்பில்லை. முன் காஸ்டரையும் பார்க்கணும்.

75 மி.மீ. தாண்டினா பிராப்பெல்லர் ஷாஃப்ட் கோணம். ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற கிராஸ் ஜாயின்ட்ல கோணம் சமமா இருந்தாத்தான் ஒண்ணு உண்டாக்கற அதிர்வை இன்னொண்ணு அழிக்கும். சமம் கெட்டா 60 வேகத்துல வண்டி முனகும், கிராஸ் சீக்கிரம் போகும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போற கம்பியும் சாய்வாகும். சாய்வா இருந்தா பள்ளத்துல சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் தானாத் திரும்பும்.

அஞ்சு இன்ச்னா மேல சொன்னது எல்லாமே. நீள ஷாஃப்ட் அல்லது ஸ்பேசர், ஸ்டீயரிங் கம்பியை வேற இடத்துக்கு மாத்தற வேலை, நீள ஹோஸ், நீள ஷாக், பட்டை முறுக்கைத் தடுக்க ஒரு கை. பின் பிரேக் அழுத்தத்தை எடைக்கேத்த மாதிரி மாத்தற வால்வு ஆக்ஸிலோட இணைஞ்சிருந்தா அதையும் சரி பண்ணணும். இல்லன்னா வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு அது பின் பிரேக்கைக் குறைச்சிடும்.

சாயற கணக்கு

இதைச் சொல்லத்தான் எபிசோடே பண்ணேன்.

ஒரு வண்டி பக்கவாட்டுல எவ்வளவு சாய்ஞ்சா கவிழும்ங்கறதுக்கு எளிய கணக்கு: ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற அகலத்துல பாதியை, எடை மையத்தோட உயரத்தால வகுக்கணும். அகலம் 1300 மி.மீ., எடை மையம் 600 மி.மீ. உயரம்னு எடுத்துக்கறேன். 600-ங்கறது நான் கணக்குக்காக வச்ச எண். 650-ஐ 600-ஆல வகுத்தா 1.08, கோணம் சுமார் 47 டிகிரி. 50 மி.மீ. ஏத்தினா 45 டிகிரி. 125 மி.மீ. ஏத்தினா சுமார் 42 டிகிரி.

"அஞ்சு டிகிரிதானே குறையுது"ன்னு தோணும். இது ஸ்பிரிங்கும் டயரும் அசையாத கல் வண்டிக்கான கணக்கு. நிஜத்துல வளைவுல பாடி வெளிப்பக்கம் சாயும், டயர் நசுங்கும், எல்லாம் சேர்ந்து இதை விடக் கீழ கொண்டுவரும். அதுவும் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது. மேல கேரியர்ல அரிசி மூட்டை, பின்னாடி நாலு பேர்னா எடை மையம் இன்னும் மேல. ஏறக்குறைய இதே எண்தான் வளைவுல வண்டி எவ்வளவு பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும்ங்கறதுக்கும். கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் வந்து, சட்டுன்னு ஒடிச்சுத் திருப்பற அந்த ஒரு நொடிக்கான எண் அது.

ஜிப்சியோட குட்டை வீல்பேஸ் உறவுக்கார வண்டி சுசுகி சாமுராய். 1988-ல அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, கவிழ வாய்ப்பு அதிகம்னு சொல்லி அதை ஏத்துக்க முடியாத வண்டின்னு மதிப்பிட்டுச்சு. சுசுகி மறுத்துச்சு, 1996-ல வழக்கு போட்டுச்சு, 2004-ல சமரசமாச்சு. யார் பக்கம் நியாயம்ங்கறது நம்ம வேலை இல்லை. கம்பெனி உயரத்துல இருக்கும்போதே 16 வருஷம் சர்ச்சை நடந்த வண்டிக் குடும்பம் இது. அதுல அஞ்சு இன்ச் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் பேசாதது. படி. அஞ்சு இன்ச் ஏத்தினா, ஏறி உட்கார்ற உயரமும் அஞ்சு இன்ச் கூடும். முட்டி வலி இருக்கற அம்மாவுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றுல இருக்கற விவரம், தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்டதிலிருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணுச்சு. 2019 திருத்தத்துல வந்த பிரிவு 182ஏ படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

தேய்ஞ்ச ஸ்பிரிங்கை அதே அளவுல மாத்தறது பராமரிப்பு. ஆக்ஸில்ல வெல்டிங் பண்ணி அமைப்பையே மாத்தறது வேற. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும், அப்போ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும். அதனால வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்து மூலமாக் கேட்டு வைங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்க. சொல்லாத மாற்றம் கிளெய்மை நிராகரிக்க அவங்களுக்கு நாமே கொடுக்கற காரணம்.

கூடலூர் நண்பருக்கு

நண்பா, உங்களை இடிக்கறது நடுத்திட்டு. அது பெரும்பாலும் தொடறது டிஃபரன்ஷியலை. சுண்ணாம்பு பூசி உறுதி பண்ணிக்கங்க. அப்படித்தான்னா, ஒர்க்‌ஷாப் சொன்ன அஞ்சு இன்ச் உங்க பிரச்சினையைத் தொடவே தொடாது. காசும் போகும், திட்டும் இடிக்கும், மலைப்பாதையில வண்டி முன்ன விட சீக்கிரம் சாயும்.

என் வரிசை இதுதான். முதல்ல மழை முடிஞ்சதும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு மண்வெட்டியோட போய் அந்தத் திட்டைச் சீவி, தடத்துல கல்லும் மண்ணும் போட்டு நிரப்புங்க. சிரிக்காதீங்க, உலகத்துலயே மலிவான கிரவுண்ட் கிளியரன்ஸ் அது. ரெண்டாவது, அளந்து பார்த்துட்டு ஒரிஜினல் அளவுல புது ஸ்பிரிங், புஷ், ஷாக். மூணாவது, டயர் தேய்ஞ்சு மாத்தற நேரம் வரும்போது 215/75. பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே உள்ள உட்காரும், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணை மாட்டி ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாருங்க. நாலாவது, டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில ஒரு காப்புத் தகடு. இவ்வளவும் பண்ணி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் போதலைன்னா 40, 50 மி.மீ. முழு செட். அதுக்கு மேல குடும்ப வண்டியை ஏத்தாதீங்க.

சூரியநெல்லியிலேருந்து கொழுக்குமலைக்கு ஜீப்புல போனவங்களுக்குத் தெரியும், அந்தப் பாதை எப்படின்னு. அதுல தினமும் ஏறி இறங்கற வண்டிகள்ல அஞ்சு இன்ச் ஏத்தினது எதையும் நான் பார்த்ததில்லை. ஓட்டற அண்ணன்கள் எந்தக் கல்லுல எந்தச் சக்கரத்தை வைக்கணும்னு பார்த்து, லோ கியர்ல நடந்து போற வேகத்துல போறாங்க. நடுத்திட்டு பெருசா இருந்தா ஒரு சக்கரத்தைத் திட்டு மேலயே ஏத்தி ஓட்டறாங்க. அதுக்கு எந்தக் கிட்டும் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்ல கேட்க அஞ்சு கேள்வி

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

ஒண்ணு: ஏத்தின பிறகு காஸ்டர் எவ்வளவு, அளந்து எழுதித் தருவீங்களா?
ரெண்டு: சக்கரம் முழுசா தொங்கும்போது ஷாக், பிரேக் ஹோஸ் ரெண்டுலயும் இன்னும் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கு?
மூணு: ஸ்பிரிங் முழுசா அமுங்கும்போது டயர் எங்கயாவது தொடுமா? பம்ப் ஸ்டாப் மாத்துவீங்களா?
நாலு: ஷாஃப்ட் கோணம் ரெண்டு முனையிலயும் எவ்வளவு?
அஞ்சு: 500 கிலோமீட்டர் ஓடின பிறகு யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கித் தருவீங்களா?

அஞ்சாவதுக்கு "அதெல்லாம் வேண்டாம் சார், ஒரு தடவை முறுக்கினா முறுக்கினதுதான்"னு பதில் வந்தா, வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க. புது பட்டை உட்காரும்போது போல்ட் கண்டிப்பாத் தளரும். திரும்ப முறுக்காத யூ போல்ட்தான் ஆக்ஸிலை நகர விடறது.

அடுத்த எபிசோட்ல டயர் காத்தழுத்தம்: மண்ணுல எவ்வளவு குறைக்கலாம், ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏன் திரும்ப ஏத்தியே ஆகணும். உங்க ஜிப்சி, பழைய ஜீப் எதுவா இருந்தாலும் நாலு மூலை அளவை எழுதி அனுப்புங்க, சேர்த்து வச்சுப் பேசலாம். பார்த்து ஓட்டுங்க.